பலாக்கொட்டை மாவும் அப்புத்துரையின் குதிகாலும்

ஜெலுத்தோங் சந்தையில் பலாப்பழம் அறுத்து விற்கும் சீனப் பெண்மணிக்கு அப்புத்துரையைப் பார்த்தாலே சிரிப்பு வரும். ஊரே சுளையை வாங்கிக்கொண்டு கொட்டையை எறிகிறது. இந்த மனிதர் மட்டும் சுளை வேண்டாம், கொட்டையைப் பை நிறையக் கொடு என்று வந்து நிற்கிறார். முதல் நாள் அவள் எதற்கு என்று கேட்டாள்.

"ஊபாட்," என்றார் அப்புத்துரை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மருந்து. "என் மகள் மருந்து செய்யறா."

அவள் கொட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, அடுத்த வாரத்திலிருந்து கொட்டைகளைக் கழுவியே எடுத்து வைத்தாள்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஒரே மகள் பிரஷாந்தி பல்கலைக்கழகத்தில் மருந்தியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். மருந்துத் தூளை அப்படியே அமுக்கினால் மாத்திரை நிற்காது, உதிர்ந்துவிடும். அதை இறுக்கிப் பிடிக்க ஒரு பசை வேண்டும். சோளமாவு, உருளைக்கிழங்கு மாவு என்று செடிகொடிகளிலிருந்து வரும் மாவைக் காய்ச்சித்தான் அந்தப் பசையைச் செய்வது காலங்காலமான வழக்கம். இங்கே குப்பைக்குப் போகிற பலாக்கொட்டையின் மாவு அந்த வேலையைச் செய்யுமா என்பதுதான் பிரஷாந்தியின் ஆராய்ச்சி. ஆய்வகத்தில் தொடங்கும் முன் வீட்டில் ஒருமுறை செய்து பார்க்க ஆசைப்பட்டாள். கொட்டை கொண்டுவரும் வேலை அப்பாவுக்கு.

அந்த வேலை அப்புத்துரைக்குப் பதவி உயர்வு மாதிரி இருந்தது. அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். அப்பா துறைமுக அலுவலகத்தில் பேனா பிடித்தவர். அப்புத்துரையின் கையில் பேனா நிற்கவில்லை. ஐந்தாம் படிவத் தேர்வில் கணக்கு அவரைக் கவிழ்த்துவிட்டது. உறவுக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில், "தம்பி இப்ப என்னா செய்யறீங்க?" என்று யாராவது கேட்டால் சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்கப் போய்விடுவார். அப்போது அவர் சினிமாக் கொட்டகைக்குச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் டின்னில் மரவள்ளி மாவைக் கொதிக்கவிட்டு, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு ஜார்ஜ்டவுன் முழுக்கச் சுற்றியிருக்கிறார். அவர் ஒட்டிய தாளை யாரும் உரிக்க முடியாது. உரித்தால் சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து வரும்.

பிறகு பேருந்து. முதலில் நடத்துநர், அப்புறம் ஓட்டுநர், அதற்கும் அப்புறம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ். காமினி அந்தப் பேருந்தில் ஏறிய பெண்தான். தினமும் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையில் உட்கார்ந்து, "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போங்க" என்று நச்சரித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணே மட்டும் போனது, நச்சரிப்பு அப்படியே இருந்தது.

இருந்தது என்று அப்புத்துரை சொல்லுவார். காமினி ஒப்புக்கொள்ள மாட்டாள், நாமும் அதை முழுக்க நம்ப வேண்டியதில்லை.

"என்னாங்க, என் பிளண்டர்ல இந்தக் கொட்டைய அரைச்சா, அப்புறம் சட்னிய எதுல அரைக்கிறது?"

"புதுசு வாங்கித் தரேன் லா."

"இது வாங்கறப்பவும் இதான் சொன்னீங்க."

அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் மூவரும் உட்கார்ந்து தோல் உரித்தார்கள். அரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, பாலாய் வந்த தண்ணீரைத் தெளியவிட்டார்கள். மறுநாள் அடியில் வெள்ளையாய் மாவு படிந்திருந்தது. அது காய்ந்ததும் பிரஷாந்தி கொஞ்சம் எடுத்துக் குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறினாள். பால்போல இருந்தது சட்டென்று கண்ணாடிபோல மாறிக் கெட்டியானது.

அப்புத்துரை எழுந்தே நின்றுவிட்டார். "ஏய், இது நம்ம போஸ்டர் பசை!"

"அதேதான் ப்பா," என்று சிரித்தாள் பிரஷாந்தி. "இத மருந்துத் தூளோட பிசைஞ்சு, சல்லடையில தேய்ச்சு, காய வெச்சு, மிஷின்ல அமுக்கணும். அவ்ளோதான் மாத்திரை."

"எல்லா மாத்திரையிலயுமா மாவு போடறாங்க?"

"எல்லாத்துலயும்னு இல்ல, நெறைய மாத்திரையில போடுவாங்க. நீங்க போடறீங்களே, இனிப்பு நீர் மாத்திரை, அதுலயும் இருக்கு ப்பா."

நல்ல சேதி சொல்வதுபோலத்தான் சொன்னாள். அப்பாவின் சர்க்கரை நோய் மாத்திரைக்கும் தன் படிப்புக்கும் ஒரு தொடர்பு இருப்பதில் அவளுக்குச் சந்தோஷம். அப்புத்துரையும் சிரித்துத் தலையாட்டினார். ஆனால் கரண்டியில் ஒட்டியிருந்த பசையை விரலால் தொட்டு இழுத்துப் பார்த்தார்.

அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒருத்தி ஒவ்வொரு முறையும் சாப்பாட்டுத் தட்டுப் படத்தைக் காட்டி அவரிடம் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். கஞ்சியைக் குறையுங்கள். மாவுச்சத்துக்கு மலாய் மொழியில் கஞ்சி என்றே பெயர். சோறு, மீ, ரொட்டி, மரவள்ளி எல்லாம் கஞ்சி, எல்லாம் விரோதி. மாவு உள்ளே போனால் சீனியாகிவிடும் என்று படம் போட்டே விளக்கியிருக்கிறாள். அவரும் ஆசை ஆசையான ரொட்டி சானாயை விட்டு, சோற்றைப் பாதியாக்கி, வெறுந்தேநீர் குடித்து வாழ்கிறார். இப்போது பார்த்தால் மாத்திரைக்குள்ளேயே மாவு. அதுவும் எப்படிப்பட்ட மாவு, சுவரை உரித்துக்கொண்டு வருகிற பசையாய்க் காய்ச்சிய மாவு! இத்தனை வருஷமாகக் காலையும் மாலையும் விழுங்கினது குடலில் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ.

டாக்டருக்கு இது தெரியாமல் இருக்குமா என்று யோசித்தார். தெரியாமல் இருக்கலாம் என்றுதான் பட்டது. பேருந்துக் கம்பெனியில் அலுவலகத்தில் இருப்பவன் பாதை போடுவான், எங்கே சாலையைத் தோண்டியிருக்கிறார்கள் என்று ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். மருந்து எழுதுகிறவர் ஓரிடம், மாத்திரை அமுக்குகிறவர் ஓரிடம். ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டால்தானே?

மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் நினைத்தார். ஆனால் அடுத்த வாரமே பிரஷாந்தி ஆய்வகத்திலிருந்து முகம் தொங்கி வந்தாள். அவள் செய்த மாத்திரைகளை ஓர் உருளைக்குள் போட்டுச் சுழற்றிப் பார்த்தார்களாம். பாதிக்கு மேல் தொப்பி கழன்றதுபோல மேல்பக்கம் உடைந்து வந்துவிட்டதாம். சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு இது சரிப்பட்டு வருமான்னே தெரியலப்பா. கூடப் படிக்கறவங்க வீட்ல எல்லாம் டாக்டர், பார்மசிஸ்ட்னு இருக்காங்க. ஒரு வார்த்தைய அவங்க சாதாரணமா சொல்லிட்டுப் போறாங்க. நான் அத வீட்டுக்கு வந்து தேடிப் படிக்கறேன். தப்பான எடத்துல ஏறிட்டேனோன்னு இருக்கு."

தப்பான பேருந்தில் ஏறியவர்களை அப்புத்துரை நிறையப் பார்த்திருக்கிறார். மகளின் முகம் அப்படித்தான் இருந்தது. இந்த நேரத்தில் போய், 'அம்மா, நீ செய்கிற வேலையே இனிப்பு நீர்க்காரனுக்கு விஷமாச்சே' என்று எந்த வாயால் கேட்பது? குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள். அவளுடைய கொடியை இறக்கும் கை தன் கையாக இருக்கக் கூடாது. பேசாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டார்.

நிறுத்தியது காமினிக்குத் தெரியாது. காலையும் மாலையும் அவள் எதிரிலேயே அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவார், கையை வாய்க்குக் கொண்டுபோவார், தண்ணீர் குடிப்பார். மாத்திரை சட்டைப்பைக்குப் போய்விடும். மருந்தைக் குப்பையில் போட மனம் வராததால், பேருந்தின் முன்பலகையில் இருந்த பழைய மைலோ டின்னில் சேர்த்து வைத்தார். ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் சோற்றைக் குறைத்தார், பாகற்காய்ச் சாறு குடித்தார். சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு தாகம் எடுக்கத் தொடங்கியது. பேருந்தில் புட்டி புட்டியாகத் தண்ணீர் குடித்தார். வெயில் அப்படி என்றார். அதன்பிறகு வலது குதிகாலில் ஷூ உராய்ந்து ஒரு கொப்புளம். காமினி கடலட்டையில் செய்த காமாட் எண்ணெய் தடவினாள். கொப்புளம் உடைந்து புண்ணானது, புண் ஆறவில்லை. ஷூவின் பின்பக்கத்தைக் கத்தியால் அறுத்துவிட்டு, காலுறைக்குள் துணி சுற்றிக்கொண்டு ஓட்டினார். குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாததால் பிரேக்கை மொத்தக் காலாலும் மிதிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் பேருந்து தூக்கிப் போட்டது.

"அண்ணே, நாங்க என்னா கோழியா? கூட்டுல போட்டுக் குலுக்கறீங்களே!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்துவாள். வேலைக்குப் போகிற நேரத்தில் அரைமணி தூக்கம் அவர்களுக்குப் பெரிய சொத்து.

அப்புத்துரை சிரித்து மழுப்புவார். ஆனால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ராமசாமி அண்ணன் ஞாபகம் வந்தது. சுங்கை பாக்காப் பக்கத்து ஆள், அவரோடு பேருந்து ஓட்டியவர். ராமசாமி அண்ணனுக்கும் இப்படித்தான் ஒரு சின்னக் கொப்புளத்தில் ஆரம்பித்தது. முதலில் விரல், பிறகு பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது, "தொரை, பிரேக்கு போச்சுடா," என்று கட்டிலைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் அப்புத்துரைக்குக் குதிகாலில் வலி கூடியது. மறுபடி மாத்திரை போடலாமா என்று கை டின்னுக்குப் போகும். போட்டால் மாவு. போடாவிட்டால் இது. எந்தப் பக்கம் திருப்பினாலும் குண்டும் குழியுமாக இருக்கிற சாலையில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற நிலையில், சீனி முகம்மதுவிடம் சொன்னார். ஜெலுத்தோங்கில் ரொட்டி சானாய்க் கடை வைத்திருப்பவர், அப்புத்துரையின் பல வருஷக் கூட்டாளி, அவருக்கும் அதே வியாதி. பேரிலேயே சீனி இருக்கும்போது ரத்தத்தில் இருந்தால் என்ன என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒருமுறையாவது கேலி செய்துவிட்டார்கள்.

"மாவா? மாத்திரைக்குள்ளயா?" சீனி முகம்மது ரொட்டி தட்டுவதை நிறுத்தினார்.

"மெதுவா பேசு, பாய். என் மக தன் கையால காய்ச்சிக் காட்டுனா. என் கண்ணால பாத்தேன்."

"அடப்பாவி! அதான் எனக்குக் கொறையவே மாட்டேங்குதா? நானும் மாத்திரைய மாத்தி மாத்திப் பாத்துட்டேன் லா." சொல்லிவிட்டு, கெட்டிப்பால் தாராளமாய் ஊற்றி நுரைக்க ஆற்றிய தே தாரிக் தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத. புள்ளைக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும்."

"வாய்க்குப் பூட்டு போட்டாச்சு."

அவர் வாய்க்குப் பூட்டுப் போட்டது உண்மை. மாத்திரைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார் என்பது அப்புத்துரைக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டிக்கொண்டு ஹாஜரா வந்தாள், சீனி முகம்மதுவின் மனைவி. லிஃப்ட் வேலை செய்யாததால் படியேறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் விழுந்தாள்.

"பிரஷாந்தி இருக்காளா, காமினிக்கா? ஒரு விஷயம் கேக்கணும். கேக்காம எனக்குத் தூக்கம் வராது."

"வாங்க மாமி," என்று பிரஷாந்தி அறையிலிருந்து வந்தாள்.

"நேத்து உங்க மாமா கடையில தல சுத்தி விழுந்துட்டாரு. நல்லவேளை, சூடான ரொட்டிக் கல்லுப் பக்கம் விழல, மாவு மூட்டைப் பக்கம் விழுந்தாரு. கிளினிக்ல குத்திப் பாத்தா மிஷின்ல நம்பரே வரல, அவ்ளோ ஏறிக் கெடக்கு. இப்ப ஊசி போட்டு எறங்கிருச்சு, நல்லா இருக்காரு, அல்ஹம்துலில்லாஹ். மாத்திர போடறீங்களான்னு டாக்டர் கேட்டா, முழிக்கறாரு. வீட்ல வந்து நான் கேட்டேன். என்னா சொன்னாரு தெரியுமா? மாத்திரையெல்லாம் வெறும் மாவாம், பிரஷாந்தி கண்டுபிடிச்சிட்டாளாம், தொரையே நிறுத்திட்டானாம்!"

அப்புத்துரை மெதுவாக வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அப்பா," என்றாள் பிரஷாந்தி. "நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்தல. பஸ்லதான் இருக்கு."

"என்னா இருக்கு?"

"மாத்திரை."

காமினி கரண்டியோடு வெளியே வந்தாள். "தினமும் என் முன்னாடிதானே தண்ணி குடிச்சீங்க?"

"தண்ணி குடிச்சேன். அது உண்மைதான்."

"நல்லா இருக்கு உங்க உண்மை!"

காமினி கத்தியது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பிரஷாந்தி கத்தவில்லையே, அதுதான் பயமாக இருந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தார். எதை உடைக்கக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தாரோ, அதை மாவு மூட்டையில் விழுந்த சீனி முகம்மது உடைத்துவிட்டான்.

அவள் அழவில்லை. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அலமாரியிலிருந்து அவருடைய மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி, முதல் குவளையில் போட்டாள். தன் பையைத் துழாவி, பழுப்பாக இருந்த இன்னொரு மாத்திரையை இரண்டாவது குவளையில் போட்டாள்.

"இது நீங்க போடறது. அது என்னுது, பலாக்கொட்ட. சும்மா பாருங்க."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு மாத்திரைகளும் அடியில் கல்லுபோலக் கிடந்தன.

"சும்மாதானே கெடக்கு?" என்றாள் ஹாஜரா.

அப்புத்துரை இன்னும் கிட்டக் குனிந்தார். போஸ்டர் பசை. அவருக்குத் தெரியாததா? அது விடாது. விடவே விடாது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் குவளை மாத்திரையின் ஓரம் மங்கியது. மேலிருந்து தூள் ஒன்று உதிர்ந்தது. பிறகு இன்னொன்று. பிரஷாந்தி குவளையை மெல்ல ஆட்டினாள். மாத்திரை நடுவில் ஊதினாற்போல ஆகி, பிளந்து, அப்படியே சரிந்து, வெள்ளைப் புழுதியாய்த் தண்ணீரில் கலந்துவிட்டது. ஒட்டியிருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை.

"போச்சா?" என்றார் அப்புத்துரை.

"போச்சு. வயித்துக்குள்ளயும் இப்படித்தான் ப்பா. ஒட்ட வெச்சதும் மாவுதான், ஒடைக்கறதும் மாவுதான். காய்ஞ்ச மாவு கொஞ்சம் தூவியிருப்பாங்க. தண்ணி பட்டதும் அது ஊதும், உள்ளேருந்து தள்ளிப் பொளந்துடும். ஒட்டிக்கிட்டே இருந்தா மருந்து எப்படி வேல செய்யும்?"

"சரி. ஆனா மாவு மாவுதானே. சீனியாவாதா?"

பிரஷாந்தி அரிசி டின்னைத் திறந்து, உள்ளங்கையில் இரண்டு மூன்று அரிசியைத் தனியாக எடுத்துக் காட்டினாள். "ஒரு மாத்திரையில இருக்கற மாவு இவ்ளோதான்."

அப்புத்துரை அந்த அரிசிகளைப் பார்த்தார். மத்தியானம் சாப்பிட்ட தட்டில் ஒட்டிக்கொண்டு கழுவுதொட்டிக்குப் போனதே இதைவிட அதிகம் இருக்கும்.

ஹாஜராவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "யா அல்லாஹ்! மூணு அரிசிக்குப் பயந்து மாத்திரைய விட்டுட்டு, அந்த மனுஷன் டெய்லி கடையில எத்தன தே தாரிக் குடிக்கறாரு! வரட்டும் வீட்டுக்கு!"

"உன்னுது இன்னும் கல்லாட்டமே இருக்கே," என்று காமினி இரண்டாவது குவளையைக் காட்டினாள்.

பிரஷாந்தி உதட்டைக் கடித்தாள். "அதாம்மா என் பிரச்சனையே. பசையக் கொறைச்சா தொப்பி கழலுது. கூட்டுனா தெறக்க நேரமாகுது."

"அப்ப நான் பயந்தது ஒரேயடியா தப்பில்ல," என்றார் அப்புத்துரை. "உன் மாத்திரையப் பாத்துத்தான் பயந்திருக்கணும். ஆள் மாறிப் போச்சு."

பிரஷாந்திக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பிலேயே கண்ணும் நிறைந்தது. "ஏன் ப்பா என்கிட்ட கேக்கல?"

"நீயே மனசு ஒடஞ்சு வந்த. நான் வேற உன் வேலையத் தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடும்னு பாத்தேன்."

"கேட்டிருந்தா ஒரு கிளாஸ் தண்ணிதானே ப்பா."

அவள் தரையில் உட்கார்ந்தாள். "காலக் காட்டுங்க. ரொம்ப நேரமா ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

துணியைப் பிரித்ததும் ஹாஜரா வாயைப் பொத்திக்கொண்டாள். காமினி கொப்புளம் என்றுதான் நினைத்திருந்தாள். அது ஓர் ஐம்பது காசு அகலத்துக்கு, ஓரம் வெளுத்து, நடுவில் சிவந்து கிடந்தது. அப்புத்துரைக்குக் கட்டிலைத் தட்டிய ராமசாமி அண்ணனின் கை கண்முன் வந்தது.

மறுநாள் விடிந்ததும் அப்பாவும் அம்மாவும் மகளும் கிளினிக்கில் இருந்தார்கள். இரண்டு வரிசை முன்னால் சீனி முகம்மது, பக்கத்தில் காவல் காக்கும் ஹாஜரா. அவர் திரும்பிப் பார்த்து, வாயில் பூட்டுப் போடுவதுபோலச் சைகை காட்டினார். அப்புத்துரை கையை ஓங்கிக் காட்டினார்.

விரல் நுனியில் குத்திப் பார்த்த எண்ணைப் பார்த்து டாக்டர் புருவத்தை உயர்த்தினார். பிறகு புண்ணைக் கழுவி, ஒரு மெல்லிய கம்பியால் அதன் ஆழத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்த நேரம் முழுக்க அப்புத்துரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசிறியில் தூசி இருந்தது. தூசி மாவுபோல இருந்தது. காமினியின் கை அவர் தோளில் இருந்தது, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து நச்சரித்தவளின் கை.

"எலும்புக்குப் போகல," என்றார் டாக்டர் மலாயில். "மேலோட்டமாத்தான் இருக்கு. ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. மாத்திரைய ஒழுங்கா போட்டு, தினம் கட்டு மாத்துனா ஆறிடும், பெரியவரே. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

அப்புத்துரை மூச்சை விட்டார். சுவரொட்டியைப்போல நெஞ்சில் ஒட்டிக்கிடந்த ஏதோ ஒன்று, சுண்ணாம்பைப் பெயர்க்காமல், தானாகவே நனைந்து உரிந்து கீழே விழுந்ததுபோல இருந்தது. காமினி அழுதுகொண்டே அவர் தோளில் ஓர் அடி போட்டாள். பிரஷாந்தி டாக்டரிடம் விவரம் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன பெரிய பெரிய வார்த்தைகளுக்கெல்லாம் அவள் சாதாரணமாகத் தலையாட்டிப் பதில் பேசியதை அப்புத்துரை கவனித்தார். இவளா தப்பான பேருந்தில் ஏறியவள்?

புண் ஆறும்வரை பேருந்து ஓட்டக் கூடாது என்று உத்தரவு. மைலோ டின்னை பிரஷாந்தி எடுத்துவந்து திறந்து பார்த்தாள். வெயிலில் கிடந்து மாத்திரைகள் நிறம் மாறியிருந்தன. எல்லாவற்றையும் கிளினிக் மருந்தகத்தில் ஒப்படைத்தாள். காமினி இப்போதெல்லாம் மாத்திரை போட்டதும், "வாயத் தெறங்க, நாக்கத் தூக்குங்க" என்றாள். அவரும் தூக்கிக் காட்டினார்.

வேலையில்லாத காலைகளில் சீனி முகம்மதுவின் கடையில் உட்கார்ந்தார். சீனி முகம்மதுவுக்குக் கேட்டது போதாதாம், கண்ணால் பார்க்க வேண்டுமாம். தே தாரிக் கிளாஸில் வெந்நீர் ஊற்றித் தன் மாத்திரையை அதில் போட்டுவிட்டு, ரொட்டி தட்டுவதை விட்டு நின்று பார்த்தார். கடைக்கு வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மாத்திரை பிளந்து சரிந்ததும், "ஓய், கரைஞ்சிருச்சு லா!" என்று ஒரு கூச்சல். பிறகு அந்தத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் அப்படியே குடித்து, முகத்தைச் சுளித்தார்.

"கசக்குது."

"சீனி போட்டுக் குடியேன்," என்றார் அப்புத்துரை.

பிரஷாந்தியின் மாத்திரையும் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. பசையைக் குறைத்து, காய்ந்த மாவைக் கூட்டி, அமுக்கும் வேகத்தை மாற்றி ஏதேதோ செய்தாள். இன்னும் முடியவில்லை என்றாள். ஆனால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைப்பது நின்றிருந்தது. ஒரு நாள் அவளாகவே ஒரு மாத்திரையைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்து, "ஒடைங்க பாப்போம்," என்றாள். அவர் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், உடையவில்லை. வெந்நீரில் போட்டார். தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது பிளந்துவிட்டது. "துத்தம் ஒரு சிட்டிகை போட்டியா?" என்று கேட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு முன்னால் புண் மூடிவிட்டது. கட்டு மாற்றும் மிஸ்ஸி புதிதாய் வந்த இளஞ்சிவப்புத் தோலைத் தட்டிப் பார்த்து, இனி வர வேண்டாம் என்றாள். காமினி, அவர் அறுத்துப்போட்ட பழைய ஷூவைத் தானே கொண்டுபோய் எறிந்துவிட்டு, மெத்தென்று பின்பக்கம் வைத்த புது ஷூ வாங்கி வந்தாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் காலை. இருட்டு பிரிந்துகொண்டிருந்தது. ஜெலுத்தோங் அடுக்குமாடிகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். "வந்துட்டாரு கோழிக்காரரு," என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கைகளில் சாய்ந்தார்கள். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. அப்புத்துரை குதிகாலைத் தரையில் ஊன்றினார். வலிக்கிறதா என்று ஒரு கணம் காத்திருந்தார். வலிக்கவில்லை. முன்பாதத்தால் மட்டும் மெல்ல, மெல்ல பிரேக்கை அழுத்தினார். பேருந்து நின்றதே தெரியாமல் நின்றது.

கண்ணாடியில் பின்னால் பார்த்தார். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.